மீதி அரைமணி

மீதியில் தோற்றவர்கள் அழுவதில்லை. டாக்டர் சுபைதா இதைப் பல வருடங்களாகக் கவனித்து வந்திருந்தார். ஆடித் தோற்றவர்கள் புல்லில் குப்புற விழுந்து அழுவார்கள், ஜெர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். மீதியில் தோற்றவர்கள் ஷூ லேஸை அவிழ்த்தபடி திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு, ரயில் ரத்து என்ற அறிவிப்பைக் கேட்ட பயணிகளைப் போலப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பேசின் பிரிட்ஜ் பெண்கள் கால்பந்து அணியும் அப்படித்தான் கிளம்பியது. அவர்களுடைய கோச் டில்லிபாபு மட்டும் கிளம்பவில்லை. மேல்முறையீடு கொடுத்துவிட்டு, அணித் தலைவி டெய்சிராணியையும் அழைத்துக்கொண்டு பெரியமேட்டில் இருந்த லீக் அலுவலகத்துக்கு, மேல்முறையீடுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் சுபைதாவிடம் வந்துவிட்டார்.

"நாலு மேட்சு டாக்டரம்மா," என்றார் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. "இந்த சீசன்ல நாலு மேட்சு சமமா முடிச்சோம். நாலையும் உங்க மிசினு புடுங்கி அந்தாண்ட குடுத்துடுச்சு. நாலாவதா செமி ஃபைனலும் போச்சு. டாஸ் போட்டிருந்தாகூட ரெண்டாச்சும் எங்க பக்கம் வந்திருக்கும். நாலு வாட்டியும் ஒரே பக்கம் வுழுந்தா அதுக்குப் பேரு என்னா தெரியுமா? போங்கு."

"வுடு மாஸ்டர்," என்றாள் டெய்சிராணி. ஆறாம் எண் ஜெர்சி, அகன்ற தோள்கள், உதட்டோரத்தில் பழைய தையல் தழும்பு. "டாக்டரம்மா இன்னா பண்ணுவாங்க, பாவம்."

"அவங்க கொண்டாந்ததுதானே இதெல்லாம்?"

அது உண்மைதான். கூடுதல் நேரத்தை ஒழிக்கச் சொன்னது சுபைதாவின் அறிக்கை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு மே மாத மாலையில், தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் அரைமணி ஆடிக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் என்ற இருபது வயதுப் பெண் நடு மைதானத்தில் விழுந்தாள். மைதான மருத்துவராக இருந்த சுபைதா ஓடிப்போய் நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினார், ஆம்புலன்ஸுக்குள்ளும் அழுத்தினார். ரோஸ்லின் பிழைக்கவில்லை. களைத்துப்போன உடம்பை மேலும் அரைமணி விரட்டுவது விளையாட்டே இல்லை என்று அவர் எழுதிய அறிக்கையை லீக் ஏற்றுக்கொண்டது. நேராகப் பெனால்டிக்குப் போகலாம் என்றால், முதலில் உதைக்கும் அணிக்கே வாய்ப்பு அதிகம் என்று ஒரு தரப்பு மல்லுக்கு நின்றது. யார் முதலில் உதைப்பது என்பதை ஒரு நாணயம் தீர்மானிக்கிறது, நாணயத்துக்காகவா தொண்ணூறு நிமிடம் ஓடினோம் என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மீதி. வீராங்கனைகள் முதலிலிருந்தே ஜெர்சிக்குள் அணிந்துவரும் நெஞ்சுப்பட்டி, ஒவ்வொருத்தியின் துடிப்பையும் மூச்சையும் கால்களின் களைப்பையும் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆட்டம் சமமாக முடிந்தால், அந்த நிமிடத்தில் இருபத்திரண்டு பேரும் எப்படி இருந்தார்களோ அப்படியே அவர்களின் நிழல்களை உருவாக்கி, மீதி அரைமணியைப் பத்தாயிரம் தடவை கணினி ஆடிப் பார்க்கும். அதிகத் தடவை ஜெயித்த அணிக்கு வெற்றி. யாரும் ஓட வேண்டாம், யாரும் விழ வேண்டாம்.

"பார்க்கிறேன்," என்றார் சுபைதா.

"இன்னாத்த பாப்பீங்க?"

"அந்தப் பத்தாயிரத்தை."

டில்லிபாபுவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "ஃபைனலுக்கு இன்னும் ரெண்டு வாரம் கீது, டாக்டரம்மா. ஞாபகம் வெச்சுக்கோங்க."

*

மீதியைக் கவனித்துக்கொண்ட பொறியாளர் நிதர்சனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டாவது மாடியில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனுடைய திரைகள் இருந்தன. சுபைதா கேட்டதும் அவனுக்கு முதலில் புரியவில்லை.

"முடிவுகளைத்தானே கேக்கறீங்க டாக்டர்?"

"ஆட்டத்தைக் கேக்கறேன். உட்கார்ந்து பார்க்கணும்."

"ஓட்டங்களை யாரும் பார்க்கறதில்லையே. யார் ஜெயிச்சாங்கங்கறதை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததை அழிச்சுடுவோம். அப்பீல் வந்ததால செமி ஃபைனல் மட்டும் இருக்கு." கொஞ்சம் வெட்கத்துடன் சேர்த்துக்கொண்டான். "நானே பார்த்ததில்லை."

இருவரும் பார்த்தார்கள். பேசின் பிரிட்ஜின் நீலம், குளச்சல் அணியின் மஞ்சள். முகமில்லாத உருவங்கள்தான், ஆனாலும் நடையில் ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது. முதல் ஓட்டத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை மஞ்சள் தலையால் முட்டிக் கோலாக்கியது. இரண்டாவதில் நீலம் இரண்டு கோல் அடித்தது. நிதர்சன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "நல்லா ஆடறாங்க டாக்டர்!" என்றான், தான் பெற்ற பிள்ளைகளைப் பள்ளி மேடையில் பார்ப்பவனைப் போல.

மூன்றாவதில், பந்துக்காக ஓடிக்கொண்டிருந்த நீல ஆறு நின்றது. இரண்டு அடி தள்ளாடி நடந்தது. மண்டியிட்டு, பிறகு சாய்ந்தது.

"தடுக்கிடுச்சு போல," என்றான் நிதர்சன்.

சுபைதா திரையை நோக்கிக் குனிந்தார். உருவம் எழுந்திருக்கவே இல்லை. அப்படி ஒரு சாய்தலை அவர் முன்பு ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தார்.

"விழுந்து எழுந்திருக்காத ஓட்டங்களை மட்டும் பிரிச்சு எடுக்க முடியுமா?"

எடுத்தான். அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். இடது ஓரத்தில் விழுந்தது, நடுவில் விழுந்தது, சொந்தக் கோலுக்கு எதிரே விழுந்தது. இடம் மாறியது, நேரம் மாறியது. ஆள் மாறவில்லை. மொத்தக் கணக்கில், பத்து ஓட்டத்துக்கு மூன்றில் நீல ஆறு விழுந்தது. மற்ற இருபத்தொரு பேரில் ஒருத்திகூட விழவில்லை.

"இதை நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?"

"இல்லை டாக்டர். லீக் ஆரம்பிச்ச நாள்லேருந்து இருந்த நெஞ்சுப்பட்டிப் பதிவு எல்லாத்தையும் கொடுத்தோம். அதைப் படிச்சு அதுவா கத்துக்கிச்சு." நிதர்சன் குரலைத் தாழ்த்தினான். "அதுல ரோஸ்லினோட ஆட்டமும் இருக்கு."

"கடைசிவரைக்குமா?"

"கடைசிவரைக்கும்."

காபி இயந்திரம் உறுமி ஓய்ந்தது. ரோஸ்லினின் இதயம் நிற்பதற்கு முன் எப்படியெல்லாம் துடித்ததோ, அதே சாயலை இந்தக் கணினி டெய்சிராணியின் நெஞ்சில் கண்டிருக்கிறது. கண்டுவிட்டு, எந்த மனிதரிடமும் சொல்லாமல், அதை ஒரு கோல் கணக்காக மாற்றி வெளியே அனுப்பியிருக்கிறது. ஒரு சீசனில் நான்கு தடவை.

*

டெய்சிராணியைப் படுக்க வைத்து எடுத்த இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. ஓடவிட்டு எடுத்த ஸ்கேனில் தெரிந்தது, இதயத்தின் நடுச்சுவர் தடித்திருந்தது; ஓடும்போது துடிப்பு தடம் புரண்டு நின்றுவிடலாம். ஆஸ்பத்திரி கேன்டீனில், சுபைதா அதை எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொன்னார். மீதியில் பார்த்ததையும் சொன்னார். மறைப்பது நியாயமாகப் படவில்லை.

டெய்சிராணி கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள்.

"மூவாயிரம் வாட்டி செத்துட்டு கீறேன், எங்கம்மாவுக்கு ஒரு ஃபோன்கூட வரல," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். "அப்ப மாஸ்டர் சொன்ன போங்கு நாந்தானா?"

"நீ எதுவும் பண்ணலை."

"இனிமே ஆடக் கூடாதா?"

"கூடாது."

"ஒரே ஒரு மேட்ச்?"

"அரை மேட்ச்கூடக் கூடாது டெய்சி. துடிப்பைக் காக்க நெஞ்சுல ஒரு சின்னக் கருவி வைப்போம். கல்யாணம் பண்ணிக்கலாம், மாடி ஏறலாம், கோச்சிங் எடுக்கலாம். ஆட மட்டும் கூடாது."

அவள் கேன்டீன் தொலைக்காட்சியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கண்களை முழங்கையால் துடைத்துக்கொண்டு, சட்டென்று திரும்பி, சுபைதா கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"நான் வுழுந்தப்ப பந்து எங்க போச்சு?"

"என்ன?"

"பந்து டாக்டரம்மா. யாரு கால்ல இருந்துச்சு? வெளிய அடிச்சாங்களா, இல்லியா?"

சுபைதாவுக்குத் தெரியவில்லை. அத்தனை ஓட்டங்களைப் பார்த்தவர், ஒவ்வொன்றிலும் விழுந்தவளை மட்டுமே பார்த்திருந்தார்.

அன்று சாயங்காலமே மறுபடியும் நிதர்சனின் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இந்த முறை பந்தை மட்டும் பார்த்தார். நீல ஆறு விழுந்ததும் அந்த இடத்தில் ஒரு சந்து திறந்தது. மஞ்சள் ஒன்பது, கிடந்த உடம்பைத் தாண்டிக் குதித்து, அந்தச் சந்து வழியாகப் பந்தைக் கொண்டுபோய் வலைக்குள் அடித்தது. பிறகு கைகளை விரித்துக்கொண்டு ஓடியது, மற்ற மஞ்சள்கள் அதைக் கட்டிக்கொண்டன. கோலுக்குப் பிறகுதான் நடுவர் உருவம் விசில் ஊதியது. அடுத்த ஓட்டத்திலும் அதே கதை. அதற்கடுத்ததிலும்.

"வெளியே அடிக்கவே இல்லையே," என்றார்.

"எதை டாக்டர்?"

"ஒருத்தி விழுந்து கிடந்தா பந்தை வெளியே அடிச்சு ஆட்டத்தை நிறுத்துவாங்க. எதிரணியா இருந்தாலும் செய்வாங்க. நீ ஃபுட்பால் பார்த்ததில்லையா?"

நிதர்சன் விதிப்புத்தகத்தைத் திறந்து தேடினான். தேடி முடித்துவிட்டுத் தலையை ஆட்டினான். "விழுந்தவங்களுக்குப் பெரிய அடின்னு நடுவர் நினைச்சா விசில் ஊதி நிறுத்தலாம். அது இருக்கு. ஆடறவங்க பந்தை வெளியே அடிக்கணும்னு எந்த விதியும் இல்லை. விதியில இருக்கிறதை மட்டும்தான் நாங்க மீதிக்குக் கொடுத்தோம்."

சுபைதா நாற்காலியில் சாய்ந்தார். பன்னிரண்டு வருடங்களாக அவர் யோசிக்காத ஒரு கேள்வி அப்போது வந்தது. அன்று ரோஸ்லின் விழுந்ததும் தன்னால் எப்படி அவ்வளவு சீக்கிரம் மைதானத்துக்குள் ஓட முடிந்தது? ஒரு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து அவருடைய மருந்துப் பையில் மோதியது. ஆமாம், மோதியது. கோல்கீப்பர் ஒருத்தி மட்டுமே எதிரே இருந்த நிலையில், எதிரணிப் பெண் யாரோ அதை வெளியே உதைத்திருந்தாள். அவள் பெயரைக்கூட அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

*

விசாரணைக்குக் குளச்சல் அணியின் தலைவி ஷீபாவும் அவளுடைய மேனேஜரும் இரவு ரயில் பிடித்து வந்திருந்தார்கள். ஷீபாதான் அந்த மஞ்சள் ஒன்பது. டில்லிபாபுவும் டெய்சிராணியும் மேஜைக்கு மறுபுறம் இருந்தார்கள். டெய்சிராணியின் சம்மதத்தோடு அவளுடைய நிலைமையைச் சொல்லிவிட்டு, சுபைதா திரையைப் போடச் சொன்னார்.

"நீ ஒண்ணும் பேசண்டாம்," என்று மேனேஜர் ஷீபாவின் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "ஃபைனல் நம்ம கையில இருக்கு."

ஷீபா பார்த்தாள். தன் நிழல் தாண்டிக் குதித்ததையும் கோல் அடித்ததையும் கைகளை விரித்து ஓடியதையும் பார்த்தாள். அவள் முகம் கறுத்தது.

"இன்னொருக்கா போடுங்க."

போட்டார்கள்.

"அது நான் இல்ல," என்றாள்.

"உங்க பதிவுலேருந்துதான் எடுத்தது. ஓடற விதம், அடிக்கற காலு, எல்லாமே..." என்று ஆரம்பித்தான் நிதர்சன்.

"எனக்க ஓட்டம், எனக்க காலு. நான் இல்ல." மேஜைக்கு மறுபுறம் கையை நீட்டினாள். "இவள எனக்குக் கண்ணெடுத்தாக் காணண்டாம், டாக்டரே. போன வருசம் எனக்க முட்டில மிதிச்சு ரெண்டு மாசம் நொண்ட வச்சா. ஆனா அவ விழுந்து கெடக்கச்சில கோல் அடிக்க நான் என்ன பேயா?"

"ஷீபா!" என்றார் மேனேஜர்.

"நீங்க சும்மா இரிங்க சார். இந்தக் கோலு எனக்கு வேண்டாம். இதுல ஒண்ணுகூட வேண்டாம்."

டெய்சிராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முட்டில மிதிச்சது வேணும்னே இல்லடி," என்றாள் மெதுவாக.

"வேணும்னுதான். போட்டும், விடு."

நிதர்சன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். "இதைச் சரி பண்ணிடலாம். ஒரு வரி சேர்த்தால் போதும். விழுந்து எத்தனை நொடியில பந்தை வெளியே அடிப்பீங்க?"

இரண்டு தலைவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கு ஏது நொடி?" என்றாள் ஷீபா. "பாத்தா தெரியும்."

"சும்மா சீன் போடறவளும் தெரியும்," என்றாள் டெய்சிராணி.

நிதர்சனுக்கு அது போதவில்லை. ஒரு நொடிக் கணக்கைத் தானாகவே ஊகித்துச் சேர்த்தான். ஒருத்தி கீழே கிடந்தால் எதிரணி பந்தை வெளியே அடிக்க வேண்டும். ஓடவிட்டான். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் புதிய ஓட்டங்கள் தயாராகிவிட்டன.

மஞ்சள் பந்தோடு முன்னேறியது. உடனே நீலத்தில் ஒருத்தி விழுந்தாள். பந்து வெளியே போனது. நீலம் முன்னேறியது, மஞ்சளில் இரண்டு பேர் விழுந்தார்கள். அரைமணி நேரமும் இரு அணியினரும் மாறி மாறித் தொப்பென்று விழுந்துகொண்டே இருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பந்து போனதும் எழுந்து ஓடினார்கள்.

முதலில் சிரித்தது டில்லிபாபுதான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், மேனேஜர்கூட.

"இது எப்ப கத்துக்கிச்சு?" என்று கேட்டாள் டெய்சிராணி, கண்ணில் நீர் வர.

"விழுந்தா லாபம்னு கண்டுபிடிச்சிருச்சு," என்றான் நிதர்சன் திகைப்புடன். "ஜெயிக்கணும்னு மட்டும்தானே அதுக்குச் சொல்லியிருக்கோம்."

"எங்க ஊர்லயும் இப்பிடி ஆளு உண்டு," என்றாள் ஷீபா. "ஒருக்கா ஏமாத்தலாம். அப்புறம் அவ நெசமாட்டு விழுந்தாலும் ஒருத்தியும் நம்ப மாட்டா. ஒனக்க மிசினுக்கு நாளைக்கு மறுபடி அதே ஆளுக முகத்துல முழிக்கணும்ங்கற கவலை இல்லல்லா?"

நிதர்சன் திரையை அணைத்தான். இதற்கு எந்த வரியைச் சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

சுபைதா தீர்ப்பைச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மீதியின் முடிவு செல்லாது. ஆட்டம் சமமாக முடிந்தது, அது சமமாகவே இருக்கும். ஐந்து நாள் ஓய்வுக்குப் பிறகு, புதிதாக, தொண்ணூறு நிமிடம்.

"அதுவும் சமமா முடிஞ்சா?" என்றார் மேனேஜர்.

"மறுபடியும் ஓய்வு, மறுபடியும் ஆட்டம்."

"அப்ப கிறிஸ்மஸ் இங்கதான்."

"கேக் நான் வாங்கித் தரேன்," என்றார் சுபைதா.

எல்லாரும் போன பிறகு நிதர்சன் தயங்கி நின்றான். "மீதியை என்ன செய்யறது டாக்டர்? மூடிடவா?"

"வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி ஓட்டு. யார் ஜெயிக்கறாங்கன்னு பார்க்காதே. யார் விழறாங்கன்னு பார்த்து எனக்குச் சொல்லு."

*

மறு ஆட்டத்தன்று சுபைதா மேடையில் உட்காரவில்லை. எல்லைக்கோட்டை ஒட்டி, மைதான மருத்துவரின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். சற்றுத் தள்ளி பேசின் பிரிட்ஜ் பெஞ்சில், நெஞ்சுப்பட்டி இல்லாத வெறும் டி-ஷர்ட்டில் டெய்சிராணி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வது சரியில்லை. நின்றாள், கத்தினாள், தண்ணீர் பாட்டிலைத் தரையில் அடித்தாள், டில்லிபாபு இழுத்து உட்கார வைத்தார்.

அவள் இல்லாத நீலம் தடுமாறினாலும் தாக்குப்பிடித்தது. ஆட்டம் முடிவதற்குச் சில நிமிடங்கள் இருந்தபோது இரு அணிக்கும் கோல் இல்லை. பேசின் பிரிட்ஜின் தடுப்பு வரிசையில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி திரும்பி ஓடும்போது சுருண்டு விழுந்தாள். அவளைத் தாண்டிப் பந்து ஷீபாவிடம் போனது. ஷீபாவுக்கும் வலைக்கும் நடுவே கோல்கீப்பர் மட்டுமே இருந்தாள்.

சுபைதா எழுந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, விழுந்தவளைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய கண் பந்தைத் தேடியது.

ஷீபா ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பந்தை ஓங்கி வெளியே உதைத்தாள். அது கோட்டைத் தாண்டி உருண்டு வந்து, மருந்துப் பையில் மோதி நின்றது. மைதான மருத்துவர் அதைத் தாண்டி உள்ளே ஓடினார்.

கெண்டைக்கால் பிடிப்பு, அவ்வளவுதான். காலை நீவிவிட்டதும் அந்தப் பெண் நொண்டியபடி எழுந்தாள். அரங்கம் கைதட்டியது. த்ரோ எறிய வந்தவளின் கையில் பந்தைக் கொடுத்தது டெய்சிராணி.

"அவளுங்களுக்கே போடு," என்றாள்.

"அக்கா, டைம் இல்ல..."

"போடுன்னு சொல்றேன் இல்ல?"

பந்து மஞ்சளிடமே திரும்பிப் போனது. மஞ்சள் அதை நிதானமாகப் பின்னுக்குத் தள்ளி, ஓரமாகக் கொண்டுபோய், நடுவே கொடுத்து, மறுபடியும் கட்டி எழுப்பியது. நீலம் எல்லாருமாக ஓடித் தடுத்தது. ஒருத்தியின் காலில் பட்டுத் தெறித்த பந்தை ஷீபா விழுந்தபடியே வலைக்குள் தள்ளினாள். கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கடைசி விசில் ஒலித்தது.

பேசின் பிரிட்ஜ் பெண்கள் புல்லில் குப்புற விழுந்து அழுதார்கள். ஒருத்தி ஜெர்சியால் முகத்தை மூடிக்கொண்டாள். கால் பிடிப்புக்காரி ஓங்கி ஓங்கித் தரையை அடித்தாள். டெய்சிராணி உள்ளே போய் ஒவ்வொருத்தியாகத் தூக்கிவிட்டாள், பிறகு அவளும் உட்கார்ந்து அழுதாள். யாரும் திரையைப் பார்க்கவில்லை.

டில்லிபாபு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சுபைதாவிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு அப்பீல் இல்ல, டாக்டரம்மா," என்றார்.